ஊசிமேல் போன கை

முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் எஞ்சின் பாடம் நடத்திய மனுஷன் நஞ்சப்பன். ஓய்வு பெற்றதும் குட்டி விமானம் பறக்கவிடும் ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தால் ஆயிற்றா, கற்றுக்கொள்ளவும் வேண்டுமே! கோயம்புத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்த கோகிலவாணியிடம் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு இருபத்தொன்பது வயதுதான். ஆனால் சூலூர்ப் பக்கத்து மைதானத்தில் விமானம் விடுகிற அத்தனை பேருக்கும் அவள்தான் குரு.

ஒரு புதன்கிழமை மதியம், எலுமிச்சம்பழ அளவு எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் வைத்தார். புது எஞ்சின். மூன்று வாரத்துக்கு முன்னால், ஓடிய முதல் நாளே இறுகி நின்றுபோனது.

"எதனால போச்சுன்னு பார்த்துச் சொல்லணும், அம்மணி."

"அன்னைக்கே சொல்லிட்டீங்களே சார், எரிபொருள் சரியில்லைன்னு."

சொல்லத்தான் செய்தார். மைதானத்துக்கு எரிபொருள் கலந்து கொண்டுவருகிறவர் மருதாசலம். மெத்தனாலும் விளக்கெண்ணெயும் சொட்டுப் பிசகாமல் அளப்பதில் அவருக்கு அத்தனை பெருமை. அந்த மனுஷனைப் பார்த்து நஞ்சப்பன், எல்லார் காதிலும் விழும்படி, "எண்ணெயைக் குறைச்சுட்டீங்க. உங்களாலதான் என் எஞ்சின் செத்துச்சு" என்று கத்தினார். மருதாசலம் கையில் கேனோடு நின்றார். "அப்படீங்களா சார்" என்றார். அவ்வளவுதான். அப்புறம் அவர் மைதானத்துப் பக்கமே வரவில்லை. பேராசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மற்றவர்களும் வேறு இடத்தில் எரிபொருள் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து நஞ்சப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததை ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. வேறு ஏதாவது காரணம் கிடைத்துத் தொலைக்காதா என்றுதான் வந்திருந்தார்.

"ஒருவேளை எரிபொருள் போற ட்யூப்ல ஓட்டை இருக்குமோ?"

கோகிலவாணி அந்த ட்யூபின் ஒரு முனையை விரலால் அடைத்து, தண்ணீர் டம்ளரில் முக்கி, மறுமுனையில் ஊதினாள். ஒரு குமிழிகூட வரவில்லை.

"ப்ளக்?"

ப்ளக்கைக் கழற்றி பேட்டரியில் வைத்தாள். உள்ளே கம்பி சிவக்கச் சிவக்க எரிந்தது.

"அப்போ எரிபொருள்தானே?" என்றார். கேட்ட குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

அவள் பட்டறையின் பின்பக்கம் போனாள். அங்கே ஒரு பலகையில் அதே மாதிரி புது எஞ்சின் திருகி வைத்திருந்தது. ஓரத்திலிருந்து ஒரு கேனை எடுத்தாள்.

"அன்னைக்கு நீங்க ஊத்துனது போக மீதி சார்."



எரிபொருள் எவ்வளவு போக வேண்டும் என்று கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகு ஒன்று உண்டு. ஊசி என்பார்கள். அதை மூடினால் எரிபொருளும் அதிலுள்ள எண்ணெயும் குறைந்து, எஞ்சின் வேகமாக ஓடிச் சூடேறும். அதை மூன்று சுற்றுத் திறந்து வைத்து எஞ்சினைக் கிளப்பினாள்.

எஞ்சின் இருமியது. துப்பியது. புகையும் எண்ணெயுமாகக் கக்கி நஞ்சப்பனின் வெள்ளைச் சட்டையை நாசம் பண்ணியது. புது எஞ்சினைப் பழக்குவது அப்படித்தான். வயிறு முட்ட எண்ணெய் குடித்து, சூடேறாமல் ஓடி, உள்ளே தேய வேண்டியது மெல்லத் தேய வேண்டும். இதைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதிப் போட்டிருப்பார்!

ஒரு டேங்க் முடிந்தது. ஆறும்வரை உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது டேங்க்கிலும் அதே இருமல். மூன்றாவதிலும் அதேதான்.

"இன்னும் எவ்வளவு நேரம் அம்மணி?"

"ஆறு டேங்க் ஓடணும் சார்."

"கேக்கவே கேவலமா இருக்கே!"

"யாருக்குங்க சார்?"

கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது. இருமல் நின்று, எஞ்சின் வீலென்று கத்த ஆரம்பித்தது. அட, இதல்லவா எஞ்சின்! நஞ்சப்பனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"சார், உங்க கை."

குனிந்து பார்த்தார். அவருடைய கை ஊசியைப் பிடித்துக்கொண்டிருந்தது. எப்போது அங்கே போனது, எத்தனை சுற்று மூடியது, சத்தியமாக அவருக்குத் தெரியாது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

அவள் ஊசியைப் பழையபடி திறந்துவிட்டாள். எஞ்சின் மறுபடி இருமி இருமி ஓடி, டேங்க் காலியானதும் நின்றது. ப்ரொப்பெல்லரை விரலால் சுற்றிப் பார்த்தாள். பிஸ்டன் நல்ல வலுவோடு எதிர்த்துத் தள்ளியது. மருதாசலத்தின் எரிபொருளில் மூன்று டேங்க் ஓடியும் எஞ்சினுக்கு ஒரு குறையும் வரவில்லை.

நஞ்சப்பனுக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

"அன்னைக்கும் முதல் டேங்க்லயே ஊசியை மூடிட்டேன் அம்மணி. எல்லாரும் பார்த்துட்டிருந்தாங்க. புரொஃபசர் எஞ்சின் இப்படி இருமுதேன்னு நினைப்பாங்களோன்னு..." சட்டையில் பட்ட எண்ணெயைத் தேய்த்தார். "அது செத்ததும் என் வாயில மருதாசலம் பேருதான் வந்துச்சு. அந்த மனுஷன் எண்ணெயில ஒரு குறையும் இல்லை. தப்பு என்னோடது. வெக்கமா இருக்கு அம்மணி."

அவள் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சொல்லி முடித்ததும் அவருக்கு மூச்சு நன்றாக வந்தது. மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது என்று தோன்றியது.

"எப்படியோ, சொல்லிட்டேன். இப்பத்தான் நிம்மதியா இருக்கு" என்றபடி எழுந்தார்.

"சார், மருதாசலண்ணனை அப்படிச் சொன்னப்போ மைதானத்துல எத்தனை பேர் இருந்தாங்க?"

"பதினாறு, பதினேழு பேர் இருப்பாங்க. ஏன்?"

"இங்க நான் ஒருத்திதானே இருக்கேன், சார்."