படிக்கட்டுப் பூதம்

ஒரு பெரிய பட்டணம் இருந்ததாம். எவ்வளவு பெரிசுன்னா, இந்தக் கோடியில பால் கறந்து எடுத்துட்டுக் கிளம்பினா, அந்தக் கோடி போய்ச் சேர்றதுக்குள்ள அது தயிராயிடும். அந்தப் பட்டணத்துக்குக் கீழ்க்கரைன்னு ஒண்ணு, மேல்கரைன்னு ஒண்ணு. கீழ்க்கரையில சேறு, கொசு, கூரைக் குடிசை. மேல்கரையில மாடி, நிழல், உட்கார்ந்து பார்க்கிற வேலை. கீழ்க்கரை ஆளுங்க செங்கலும் மணலும் சுமந்து பின்பக்கத் தடத்துல மேலே போவாங்க, கட்டுவாங்க, பொழுது சாயறதுக்குள்ள இறங்கிடுவாங்க. மேலேயே வேலை கிடைச்சுத் தங்கணும்னா முன்பக்கப் படிக்கட்டுல ஏறித்தான் போகணும். அங்கதான் வந்தது வினை.

உச்சிப்படியில ஒரு பூதம் உட்கார்ந்திருந்தது. ஏறி வர்ற பிள்ளைகிட்ட அது ஒரே கேள்விதான் கேட்கும். "உன்னைப் பெத்தவ யாரு?" செங்கல் சுமக்கிறவன்னு சொன்னா, "போ கீழே!" யாருமில்லைன்னு சொன்னா, "வா உள்ளே!"

முன்ன அங்க படியே கிடையாதாம், வெறும் மண்சரிவுதானாம். ஒவ்வொரு பிள்ளை உள்ளே போகப் போக, அடியில ஒவ்வொரு படியா முளைச்சுது. படி முளைக்கிற அன்னன்னைக்கே கீழ்க்கரையில ஒரு அம்மா காணாமப் போவா. 'பிள்ளை மேலே கூட்டிட்டுப் போயிருக்கும், கொடுத்து வச்சவ'ன்னு கீழே இருந்தவங்க பேசிக்கிட்டாங்க. மேலே இருந்தவங்க ஒண்ணுமே பேசலை.

அந்தக் கீழ்க்கரையில சடையம்மான்னு ஒருத்தி. செங்கல் சுமந்து சுமந்து உச்சந்தலையில முடியே போயிடுச்சு. அவளுக்கு ஒரே பொண்ணு, மரிக்கொழுந்து. நல்லாப் படிச்சு, அரண்மனைப் பள்ளிக்கூடத்துல பாடம் சொல்லித்தர வேலை வாங்கிட்டா. ஓலை வந்த அன்னைக்கு ஆத்தா சொன்னா:

"பூதம் கேட்டா, பெத்தவ இல்லைன்னு சொல்லிடு கண்ணு."

"நீ இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறே. இல்லைன்னு எப்படிம்மா சொல்றது?"

"அடி போடி! வாய்ல சொல்றதுதானே, அதுல எனக்கென்ன குறைஞ்சிடப் போகுது? பக்கத்து வீட்டு மூக்காயி மகன் செவத்தான் சொன்னான், இப்ப பட்டு வேட்டி கட்டறான். நீயும் செங்கல் சுமக்கணுமா? உன் மகளும் சுமக்கணுமா?"

மறுநாள் காலையில மரிக்கொழுந்து ஏற ஆரம்பிச்சா. சடையம்மா படிக்கட்டு அடியில நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. படியெல்லாம் காய்ச்சல்காரங்க உடம்பு மாதிரி சுட்டுது. ஏழாவது படியில பச்சையா ஒரு தேள் உருவம். யாரோ செதுக்கியிருக்காங்கன்னு நினைச்சு அவ தாண்டிப் போனா. நீங்களா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பீங்க.

பூதம் குனிஞ்சு முகத்துக்கு நேரா கேட்டுது: "உன்னைப் பெத்தவ யாரு?"

பயத்துல அவ அம்மா சொல்லிக் கொடுத்ததையே சொன்னா: "யா... யாருமில்லை."

அடியில 'கடக்'குன்னு ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தா, அம்மாவுக்கு முழங்கால் வரைக்கும் கல்லு! அப்பத்தான் அவளுக்குத் தேள் ஞாபகம் வந்தது. மூக்காயி அத்தை கையில பச்சை குத்தியிருந்த தேள் அது. அவ கையாலதானே இவ கஞ்சி வாங்கிக் குடிச்சிருக்கா! ஏறி வந்த படியெல்லாம் யாருன்னு அவளுக்குப் புரிஞ்சு போச்சு.

"மூணு தரம் சொல்லணும்"னு பூதம் சிரிச்சுது. "உன்னைப் பெத்தவ யாரு?"

மரிக்கொழுந்து வாயே திறக்கலை. "பேசாம இருந்தாலும் இல்லைன்னுதான் கணக்கு" என்றது பூதம். அடியில மறுபடி 'கடக்'. இடுப்பு வரைக்கும் கல்லு. அந்த நிலையிலயும் அந்த அம்மா என்ன பண்ணினா தெரியுமா? கையை ஆட்டி, 'சொல்லு, சொல்லிட்டுப் போ'ன்னு சைகை காட்டினா.

மூணாவது தரம் பூதம் கேட்டுது. மரிக்கொழுந்து அடிவயித்துல இருந்து கத்தினா: "என்னைப் பெத்தவ சடையம்மா! செங்கல் சுமக்கிறவ! அதோ நிக்கிறா பாரு!"

கல்லு உதிர்ந்து மண்ணாக் கொட்டுச்சு. பூதத்துக்குக் கண்ணு சிவந்துபோச்சு. "போ கீழே! நீயும் சுமப்பே, உன் மகளும் சுமப்பா!"

அவ போகலை. பூதத்தோட தோளுக்கு மேல எட்டிப் பார்த்துக் கூப்பிட்டா: "செவத்தண்ணே! உங்கம்மா இங்க படியாக் கிடக்கா!"

ஒரு ஜன்னல் திறந்தது. உடனே சாத்திக்கிச்சு.

"செவத்தண்ணே! எத்தனை பேரு மிதிக்கிறாங்க தெரியுமா!"

பட்டு வேட்டி கட்டின ஒருத்தன் வாசலுக்கு வந்தான். "மெதுவாப் பேசு மரிக்கொழுந்து, யார் காதுலயாவது விழுந்துடப் போகுது. என் வேலை போயிடும்."

"செவத்தண்ணே! தேள் அப்படியே இருக்கு, வந்து பாரு!"

அவன் முகம் வெளுத்துப் போச்சு. உள்ளே பார்த்தான், வெளியே பார்த்தான். அப்புறம் ஓடி வந்தான், பூதத்துக்குப் பக்கத்துல புகுந்து இறங்கினான், ஏழாவது படியில குப்புற விழுந்தான். "அம்மா! மூக்காயி! நான்தான்!" படி இருமிச்சு. எழுந்து உட்கார்ந்துச்சு. "ஏண்டா, சாப்பிட்டியா?"ன்னு கேட்டுச்சு.

அந்தக் குரல் கேட்டு ஒரு ஜன்னல் திறந்தது, ரெண்டு ஜன்னல் திறந்தது, தெருவே திறந்தது. பெரிய பெரிய உத்தியோகத்துல இருந்தவங்கெல்லாம் அழுதுக்கிட்டே ஓடி வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. கடைசியா ஒரு கிழவர் கம்பு ஊனி வந்து, உச்சிப்படியைப் பார்த்து, "அம்மா, எழுந்திரு" என்றார். அந்தப் படிமேலதானே பூதம் உட்கார்ந்திருந்தது! படி எழுந்திரிச்சதும் பூதம் உருண்டுச்சு, உருண்டுச்சு, உருண்டு போய்ச் சேத்துல விழுந்துச்சு. காலு கல்லாச்சு, இடுப்பு கல்லாச்சு. "என்னைத் தெரியும்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்களேன்!"னு அலறிச்சு. யாரும் சொல்லலை. தலையும் கல்லாப் போச்சு.

மரிக்கொழுந்து அம்மாவைக் கையைப் பிடிச்சு மேலே கூட்டிட்டுப் போனா. பாடமும் சொல்லிக் கொடுத்தா. அதுக்கப்புறம் கீழ்க்கரை ஆளுங்க முன்பக்கமாவே போனாங்க, வந்தாங்க.

எல்லாப் படியும் எழுந்திரிச்சுதான்னு கேட்கிறீங்களா? இல்லை. சில ஜன்னல் கடைசி வரைக்கும் திறக்கவே இல்லை. அந்தச் சரிவுல இன்னமும் சில படி சுட்டுக்கிட்டுக் கிடக்குதாம்.

கதை அவ்வளவுதான். உங்கம்மா கூப்பிடுறா பாருங்க. போங்க, சத்தமாப் பதில் சொல்லிக்கிட்டே போங்க.