மூன்று மாமன்களும் முந்நூற்றுப் பன்னிரண்டு வடகமும்

ஊருக்கு நாலு முட்டாள் இருப்பது உலக வழக்கம். எங்கள் அரசடித் தெருவுக்கு மட்டும் மூன்று பேர் கிடைத்தார்கள், அதுவும் ஒரே வீட்டில். மூத்தவன் சண்முகவேல், நடுவன் பால்வண்ணன், இளையவன் நெல்லையப்பன். மூவருக்கும் வெள்ளையடிக்கிற தொழில். மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒரு தடவை பெண் பார்க்கப் போன இடத்தில், "பொண்ணை நல்லாப் பாத்துக்கோங்க" என்றாராம் பெண்ணின் அப்பா. விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் மூவரும் எழுந்திருக்கவில்லை.

தொழிலில் சுத்தமானவர்கள். அரிசிக் கடைக்காரர் தன் வீட்டைக் காட்டி, "உள்ளே பூராவும் பளிச்சுனு வெள்ளையா இருக்கணும்" என்றார். சாயந்திரம் வந்து பார்த்தால் சுவர் வெள்ளை, ஜன்னல் கண்ணாடி வெள்ளை, காலண்டர் வெள்ளை, கடிகாரம் வெள்ளை. கட்டிலில் படுத்திருந்த மாமனாரை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அவர் ஏற்கெனவே வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக இருந்தார்.

இந்த மூன்று பேரையும் கட்டி மேய்த்தவள் அவர்களுடைய அக்கா தெய்வானை. புருஷனைச் சீக்கிரமே பறிகொடுத்தவள். ஒன்பது வயதில் பவளம் என்று ஒரே மகள். தம்பிகளுக்கு வேலை சொல்லும் வித்தை அவள் ஒருத்திக்குத்தான் கைவந்திருந்தது. "செடிக்குத் தண்ணி ஊத்து" என்று சொல்ல மாட்டாள். "செடிக்கு ரெண்டு செம்பு தண்ணி ஊத்து, அப்புறம் செம்பைக் கீழே வை, அப்புறம் உள்ளே வந்து சாப்பிடு" என்பாள். எங்கே ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுவாள். அதனால் அந்த வீடு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

வைகாசி மாதம் ஒரு காலையில் தெய்வானை மொட்டை மாடியில் தன் பச்சைச் சேலையை விரித்துக் கூழ் வடகம் போட்டாள். கடைசி வடகத்தைப் போட்டுவிட்டு எழுந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோவில் ஏற்றும்போதும் அவளுக்கு அந்த நினைப்புத்தான். "வடகத்துக்குக் காவல் இருங்கடா. நான் வர்ற வரைக்கும் ஒரு காக்கா கிட்டே வரக்கூடாது" என்றாள்.

தெய்வானை வரவில்லை.

அன்றிலிருந்து மாடியில் காவல். இரண்டு பேர் வேலைக்குப் போனால் ஒருத்தன் மூங்கில் கம்போடு மாடியில் நிற்பான். அக்காவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட நெல்லையப்பன் மாடியிலேயே நின்று, ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் கம்பை வீசிக்கொண்டிருந்தான். மழை வந்தால் மூவரும் மூன்று குடையை வடகத்துக்குப் பிடித்துவிட்டு நனைவார்கள். தினமும் சாயந்திரம் எண்ணுவார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுகூடக் குறையவில்லை.

நான் பக்கத்து வீடு. என் மாடிக்கும் அவர்கள் மாடிக்கும் நடுவில் ஒரு கைப்பிடிச் சுவர்தான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏலே சம்முகம், வடகம் காஞ்சு கல்லாப் போச்சு. எடுத்து டப்பாவில போட்டா என்ன?"

"அக்கா வரட்டும், அண்ணாச்சி" என்றான்.

அதற்குமேல் அவனிடம் எதைச் சொல்ல? சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. கீழே இறங்கி வந்து என் பெண்டாட்டியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

பிள்ளை பவளம் மாடிப் பக்கமே போகவில்லை. அழவில்லை, சிரிக்கவில்லை, எதையும் கேட்கவும் இல்லை. பள்ளிக்கூடத்து டீச்சர் மாமன்களைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்குப் பிள்ளையைத் தனியா விடாதீங்க" என்றார். மறுநாளே நெல்லையப்பன் நாலாம் வகுப்பில் அவள் பக்கத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு டிக்டேஷன். பவளம் பத்துக்குப் பத்து. நெல்லையப்பன் பத்துக்கு இரண்டு. டீச்சர் கோபத்தில், "நாளைக்கு வீட்டிலிருந்து பெரியவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார். அவன் பால்வண்ணனைக் கூட்டிக்கொண்டு போனான். பால்வண்ணன் ஒன்றுதான் வாங்கினான்.

டாக்டரிடம் காட்டினார்கள். "உடம்புக்கு ஒண்ணுமில்ல. பிள்ளை கேக்கிறதைக் குடுங்க" என்று அனுப்பிவைத்தார். பிள்ளைதான் எதையும் கேட்பதே இல்லையே! இட்லிச் சட்டியை இறக்கி வைத்துக்கொண்டு மூவரும் எதிரில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேக்கலியே" என்றான் பால்வண்ணன்.

"கேக்காம குடுத்தா டாக்டர் சொன்னதுக்கு விரோதம்" என்றான் சண்முகவேல்.

"நாம கேட்டா?"

"நாம பிள்ளை இல்லையேடா."

நல்லவேளையாக ஜெசிந்தா வந்தாள். அவளும் நாலாம் வகுப்பு, எதிர் வீடு, பவளத்தின் உயிர்த் தோழி. வாசலில் நின்று நிலைமையை ஒரு பார்வை பார்த்தாள். "மாமா, பவளத்துக்கு நாலு இட்லி வேணும். எனக்கு அஞ்சு" என்றாள். மூவருக்கும் உயிர் வந்தது. அன்றிலிருந்து மூன்று வேளையும் ஜெசிந்தா வந்து கேட்டுவிட்டுத்தான் போவாள். பவளம் இளைக்கவில்லை. ஜெசிந்தா நன்றாகவே சதை போட்டாள்.

இதெல்லாம் மதுரைக்கு எட்டாமல் இருக்குமா? ஆடி அமாவாசையன்று காலை முதல் பஸ்ஸில் கோமதி வந்து இறங்கினாள். பவளத்தின் அத்தை, செத்துப்போன அப்பாவோடு பிறந்தவள். மதுரையில் தையல் கடை வைத்திருக்கிறாள். கறாரான பொம்பளை, ஆனால் நல்ல மனசு.

"நான் பிள்ளையைக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். "உங்களைக் குத்தம் சொல்லலை. உங்களால முடியாது, அவ்வளவுதான்."

பவளம் வாயைத் திறந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளாகப் பேசியது அன்றுதான்.

"நான் போகலை அத்தை. இங்கேயே இருக்கேன்."

"கேட்டுட்டா!" என்று கத்தினான் நெல்லையப்பன். "மதினி, பிள்ளை கேட்டுட்டா! கேட்டதைக் குடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு!"

கோமதி பிள்ளையைப் பார்த்தாள், மூன்று மடையர்களைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். "சரி. இன்னிக்கு அமாவாசை. நானே சமைச்சுப் படையல் போடறேன். காக்கா வந்து சாப்பிட்டா தெய்வானைக்கு இதுதான் இஷ்டம்னு பிள்ளையை விட்டுட்டுப் போறேன். வரலைன்னா மூணு மணி பஸ்ஸுக்கு அவளைக் கூட்டிட்டுக் கிளம்பிடுவேன். என்ன சொல்றீங்க?"

மூவரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். நான் அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு மேலாக இவர்கள் விரட்டிய விரட்டில் எங்கள் தெருவில் காக்காய் என்பதே கிடையாது. அதுகள் எல்லாம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் குடிபோய்விட்டன.

பன்னிரண்டு மணிக்குப் படையல் தயார். சாம்பார், அவியல், வடை, பாயசம். காக்காய்க்கு வைக்கிற இலையை மாடிக்குக் கொண்டுபோனார்கள். பவளம் படியில் தயங்கினாள். ஜெசிந்தா கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போனாள்.

கோமதி இலையைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். "கூப்பிடுங்க" என்றாள்.

"கா... கா... கா..." என்று பால்வண்ணன் அடித்தொண்டையிலிருந்து கூப்பிட்டான். பக்கத்தில் நின்று சண்முகவேல் "ஓய்! ஓய்!" என்று கம்பை வீசினான்.

தூரத்துத் தென்னை மரத்தில் ஒரு காக்காய் வந்து உட்கார்ந்தது. ஒரு கூப்பாடு கேட்டதும் கழுத்தை நீட்டியது. அடுத்த கூப்பாடு கேட்டதும் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

"என்ன தம்பி இது?" என்றாள் கோமதி. "ஒருத்தன் கூப்பிடறான், ஒருத்தன் விரட்டறான்!"

"கூப்பிடறது நீங்க சொன்ன வேலை, மதினி" என்றான் சண்முகவேல். "விரட்டறது அக்கா சொன்ன வேலை. யார் பேச்சையும் தட்டறதில்லை."

"நான் கூப்பிடறவன்" என்றான் பால்வண்ணன்.

"நான் காக்கா இலைக்கு வந்தா விட்டுட்டு, வடகத்துக்கு வந்தா விரட்டறவன்" என்றான் நெல்லையப்பன். "ஆனா பறந்து வரும்போது எதுக்கு வருதுன்னு தெரியாதுல்ல, அதனால வரும்போதே விரட்டிடுவேன்."

ஒரு மணி ஆயிற்று. இரண்டு மணி ஆயிற்று. வடை ஆறி, பாயசம் ஏடு கட்டியது. ஜெசிந்தா ரகசியமாக ஒரு துண்டு கருவாட்டை எடுத்து வந்து இலையோரம் வைக்கப் பார்த்தாள். அமாவாசைப் படையலில் கருவாடா என்று கோமதி அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். இரண்டரைக்குக் கோமதி பிள்ளையின் துணிப்பையைக் கீழேயிருந்து எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். அவள் குரலிலும் சந்தோஷம் இல்லை.

அப்போதுதான் பவளம் அந்தப் பச்சைச் சேலையின் அருகே போனாள். அதுவரை அவள் அந்தப் பக்கம் பார்வையைத் திருப்பவே இல்லை. குனிந்து பார்த்தாள். வரிசை வரிசையாக, அம்மா கரண்டியால் ஊற்றிய வட்டங்கள். ஒன்றும் கலையவில்லை, ஒன்றும் உடையவில்லை. ஓரத்தில் ஒன்று மட்டும் கோணலாக இருந்தது. அது கடைசி வடகம்.

"மாமா, இதை ஏன் எடுத்து வைக்கலை?"

"அக்கா வர்ற வரைக்கும் பாத்துக்கச் சொன்னா, கண்ணு" என்றான் சண்முகவேல்.

"அம்மா வர மாட்டாங்க, மாமா."

அந்த வீட்டில் யாருமே அதுவரை சொல்லாத வார்த்தை அது. சண்முகவேல் கம்போடு நின்றான். தம்பிகளைப் பார்த்தான். தம்பிகள் அவனைப் பார்த்தார்கள்.

"வரவே மாட்டாளா?" என்று கேட்டான் நெல்லையப்பன். நிஜமாகத்தான் கேட்டான்.

"வர மாட்டாங்க" என்றாள் பவளம். அப்படியே உடைந்து அழுதாள். சண்முகவேல் கம்பைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். மற்ற இரண்டு பேரும் அவர்கள் மேல் விழுந்து அழுதார்கள். கோமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தன் அம்மா எதிர் வீட்டில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்க, எல்லாரையும்விடச் சத்தமாக அழுதவள் ஜெசிந்தாதான். நானும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன். வெட்கமென்ன?

விரட்ட ஆள் இல்லாத அந்த நேரத்தில் தென்னை மரத்துக் காக்காய் வந்து இறங்கியது.

இலையில் அல்ல. நேராகச் சேலைக்குப் போய், ஒரு வடகத்தைக் கொத்திக் கடக்கென்று கடித்தது.

சண்முகவேலின் கை தானாகக் கம்புக்குப் போயிற்று. பால்வண்ணன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, பொறு. இது காக்காவா, அக்காவா?"

"பாத்தா காக்கா மாதிரிதான் இருக்கு."

"காக்கான்னா விரட்டணும். அக்கான்னா வாங்கன்னு சொல்லணும். மாத்திச் செஞ்சா தப்பாயிடும்."

"நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றான் நெல்லையப்பன். "அமாவாசைக்கு வந்திருக்கு. கேக்காம உரிமையா எடுத்துச் சாப்பிடுது. அடுத்தவங்க வீட்டு வடகத்தை யாராவது இப்படிச் சாப்பிடுவாங்களா?"

மூவரும் யோசித்தார்கள். பிறகு சண்முகவேல் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு காக்காய்க்கு முன்னால் வந்து நின்றான். "வாக்கா" என்றான். "முந்நூத்தி பன்னிரண்டும் இருக்கு. இப்ப நீ எடுத்தது போக முந்நூத்தி பதினொண்ணு."

அழுதுகொண்டிருந்த பவளத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கு ஒழுக, கண்ணீர் வழிய, அவள் சிரித்த சிரிப்பு என் மாடி வரை கேட்டது.

கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கறார் கறார்தானே! "இலையில இருக்கிறதைக் காக்கா சாப்பிடணும்னுதான் நான் நினைச்சேன். இலை அப்படியே கிடக்கு" என்றாள்.

"மதினி, தப்பா நினைக்காதீங்க" என்றான் பால்வண்ணன். "அக்கா தன் கையால செஞ்சதை விட்டுட்டு உங்க சாம்பாரை ஏன் சாப்பிடப் போறா?"

கோமதி அவனை முறைத்தாள். இலையிலிருந்த சாம்பாரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புப் போட மறந்திருந்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டே துணிப்பையை எடுத்துப் பவளத்தின் கையில் கொடுத்தாள். "உள்ளே கொண்டுபோய் வை" என்றாள். மூணு மணி பஸ்ஸுக்குத் தனியாகத்தான் போனாள்.

இது நடந்து பத்து நாள் கழித்து என் வீட்டுக்கு வந்து என் போனை வாங்கி, சண்முகவேல் மதுரைக்குப் பேசினான். பிள்ளை நன்றாக இருக்கிறாள், தானே கேட்டுச் சாப்பிடுகிறாள், அம்மாவை நினைத்தால் அழுகிறாள், அழுதுவிட்டு ஜெசிந்தாவோடு விளையாடப் போகிறாள் என்றெல்லாம் சரியாகவே சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒரு சங்கடம், மதினி. அக்கா இப்போ தினமும் வர்றா. கூடவே சொந்தக்காரங்க நாப்பது பேரைக் கூட்டிட்டு வர்றா. வடகம் தீந்துபோச்சு, இட்லி அவிச்சுப் போட்டுட்டு இருக்கோம். வந்தவங்களை எப்ப கிளம்புறீங்கன்னு கேக்க முடியுமா? ஆனா ஏதோ கோவத்தில இருக்காங்கன்னு தோணுது, மதினி. மாடி பூராவும் பாய் விரிச்சு, ஆளுக்கொரு தலகாணி போட்டுக் குடுத்தோம். ஒருத்தர்கூடப் படுக்கலை. எல்லாரும் கரண்டுக் கம்பியிலேயே உக்காந்திருக்காங்க."