நாற்பத்தொரு ஓலைகளைத் தின்ற கரையான்

அந்தக் காலத்தில், கரையானுக்குக் கண்ணும் பேச்சும் இருந்த காலத்தில், ஓர் ஆனி மாதம் பதினோராம் நாளன்று, சாம வேதத்தின் ஒரு கிளையை முழுதாகச் சொல்லத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவர் வாமதத்தர். மற்றவன் அவர் மனைவி சுமேதையின் தம்பி சுசீமன். மற்ற எல்லோரையும் முந்தைய ஆண்டு வெள்ளம் கொண்டுபோயிருந்தது.

ருக் வேதம் தேவர்களைப் போற்றும். யஜுர் வேள்வியை நடத்தும். அதர்வம் நோய்க்கும் பகைக்கும் வழி சொல்லும். சாமம் பாடும். இந்தக் கிளையில் இருந்தவை மழையை அழைக்கும் நாற்பத்தொரு பாடல்கள். புராணத்தை ஓலையில் எழுதலாம். வேதத்தை எழுதக் கூடாது. தினமும் ஒருவர் சொல்ல, மற்றவர் பிழை பார்ப்பார்.

அன்று காலை பதினேழாவது பாடலில் தகராறு வந்தது.

“கடைசிச் சுரம் இறங்க வேண்டும்,” என்றார் வாமதத்தர்.

“நிற்க வேண்டும் அத்திம்பேரே. உங்களுக்கு மூச்சு போதவில்லை என்பதற்காகப் பாட்டை இறக்க முடியாது.”

“என் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு என் மூச்சை அளக்கிறாயா?”

சுசீமன் எழுந்து ஆற்றின் அக்கரைக்குப் போனான். திரும்பி வரவில்லை.

சுமேதைக்குப் பயம் வந்தது. அடுப்பங்கரைச் சுவருக்கு அப்பால் இருந்தே இருபது ஆண்டுகள் கேட்டவள். பிழை வந்தால் அவளுக்குத் தெரியும். தானாகச் சொல்ல வராது. பெண்ணுக்கு அதை யாரும் கற்பிக்கவில்லை. கணவர் தனியாகச் சொல்லச் சொல்ல, அவள் ஓலையில் கீறினாள். சுரத்துக்குப் புள்ளி வைத்தாள். இரண்டு மாதத்தில் நாற்பத்தொரு ஓலைகள் சேர்ந்தன. சுவரில் இருந்த கரையானிடம் அவற்றை ஒப்படைத்தாள். அந்நாளில் அது உதிர்ந்த சருகை மட்டுமே தின்னும், உறங்காது.

“எனக்குப் பாடிக் காட்டுவாயா?” என்று கேட்டது கரையான்.

“எனக்கே பாட அனுமதியில்லை. நீ காவல் மட்டும் இரு.”

புரட்டாசியில் வாமதத்தர் ஓலைக் கட்டைக் கண்டுபிடித்தார். எழுதியதற்காக அவர் கத்தவில்லை. ஒவ்வொரு ஓலையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பதினேழில் நின்றார். அதில் கடைசிச் சுரம் இறங்கவில்லை.

“இது உன் தம்பி பாடம்.”

“என் காதுக்கு அதுதான் சரியாகப் பட்டது,” என்றாள் சுமேதை.

அவர் கரையான் பக்கம் திரும்பினார். “இதைத் தின்றுவிடு.”

“தின்றால் பாட்டு எனக்கு வருமா?”

“வரும்,” என்றார். வேதம் ஓதிய வாயால் அவர் சொன்ன ஒரே பொய் அது. கரையான் நாற்பத்தொன்றையும் தின்றது.

ஐப்பசியில் ஊருக்குள் காய்ச்சல் வந்தது. அக்கரையில் சுசீமன் இறந்த சேதி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. “பதினேழை அவன் சரியாகத்தான் சொன்னான்,” என்றார் வாமதத்தர். வெள்ளிக்கிழமை அவரும் போனார்.

ஈமக் காரியம் முடிந்ததும் சுமேதை சுவரருகே வந்தாள்.

“நாற்பத்தொன்றும் உன்னிடம்தானே இருக்கிறது? ஒன்றே ஒன்றைச் சொல்.”

கரையான் வாயைத் திறந்தது. மண் உதிர்ந்தது.

“ருசி நினைவிருக்கிறது அம்மா. சொல் நினைவில்லை.”

அவள் சபிக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் கரையான் ஈர மண்ணை எடுத்துத் தன் கண்களை அடைத்தது. பிறகு தன்னைச் சுற்றிலும் பூசிக்கொண்டது. அந்த ஆண்டு மழை இல்லை.

கரையான் குருடானதும், மண் கூரை போடாமல் ஓரடி நகராததும் அன்று முதல்தான். விட்ட பாட்டு அடுத்த ஓலையில் கிடைக்கும் என்று அது இன்னும் தின்றுகொண்டிருக்கிறது.

1931 மார்ச் 9 அன்று, ஆற்றங்கரை மடம் ஒன்றில், நெடுநாள் பூட்டியிருந்த பெட்டியைத் திறந்தார்கள். ஓலைச்சுவடியின் மேல் மரச்சட்டமும் கீழ் மரச்சட்டமும் இருந்தன. நடுவில் மண் இருந்தது.