ஜோகி ஒட்டிய மட்டை

ஊட்டிப் பக்கம் ஒரு கோல்ஃப் கிளப். அங்கே பை தூக்குகிற ஜோகி, மட்டைக்கான மலிவான இரும்புத் தலைகளைத் தனியாக வாங்கி, தண்டில் பசை போட்டு ஒட்டி, தானே மட்டை செய்வான். செய்ததில் பாதியைக் கோயம்புத்தூர்க் கடைக்கு விற்றுவிடுவான்.

பை தூக்குகிறவர்களும் ஆடுகிற ஆண்டுப் போட்டியில் அவன் அடித்த பந்து, கிளப் தலைவர் விஸ்வேஸ்வரனின் பந்தைத் தாண்டிப் போய் விழுந்தது. வந்ததே அவருக்குச் சந்தேகம்!

"மட்டமான தலை இவ்வளவு தூரம் அடிக்குமா? உள்ளே எதையோ ஒளிச்சு வச்சிருக்கே. பிரிச்சுக் காட்டுடா. அரை மணியில அடுத்த சுற்று, அதுக்குள்ள திரும்ப ஒட்டிக்கோ."

பசை காயவே ஒரு நாள் ஆகும். ஜோகி பதறவில்லை. தலைவரின் மட்டைக் கழுத்தையே உற்றுப் பார்த்தான். பசை வழிந்து காய்ந்திருந்த விதம் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

"பிரிக்கிறேன் சார். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே? உங்களதையும் பிரிச்சிரலாம்."

"தாராளமா! ஸ்காட்லாந்துக்கு நானே போய் வாங்கினதுடா இது."

கேன்டீன் அடுப்பில் காட்டியதும் இரண்டு தலைகளும் கழன்றன. ஜோகியின் தண்டிலிருந்து ஒரு காலண்டர் தாள் சுருளாக விழுந்தது.

"ஒட்டின தேதி தெரியணும்னு, அன்னைக்குக் கிழிச்ச தாளை உள்ள சொருகிடுவேன் சார். வேற ஒண்ணுமில்ல."

தலைவரின் தண்டைத் தட்டினார்கள். அதிலிருந்தும் ஒரு தாள் விழுந்தது. சுத்தமான தமிழ்க் காலண்டர் தாள்.

ஜோகி அதை நிதானமாக விரித்தான்.

"ஸ்காட்லாந்துலயும் ராசிபலன் போடுறாங்க சார். உங்களுக்கு என்ன ராசி?"