யானைக் கன்று தாயின் வாய்க்குள் துதிக்கை விட்ட கதை

அந்தக் காலத்தில், மிருகங்கள் நம்மைப் போலவே பேசிக்கொண்டிருந்தபோது, நாக்கும் மூக்கும் காதும் ஒரே தலையில் இருந்தும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாமல்தான் இருந்தன. மூக்கு வாசனையோடு நின்றுவிடும். காது சத்தத்தோடு சரி. நாக்குக்குத் தெரிந்ததெல்லாம் இனிப்பு, கசப்பு, புளிப்பு, உப்பு, அவ்வளவுதான்.

மலையடிவாரத்தில் பேச்சி என்று ஒரு பெண் யானை இருந்தாள். அவள் கன்று இசக்கி. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட, பேச்சிக்குப் பால் வற்றிவிட்டது. இனி தழை தின்று பழகினால்தான் இசக்கி பிழைப்பான். அவனோ வாயில் வைத்த எதையும் துப்பினான்.

"கசக்கும்மா."

"எய்யா, ஒரே ஒரு வாய்."

"வேண்டாம். பால்தான் வேணும்."

கசப்பு தெரியாமல் இருக்கட்டும் என்று பேச்சி மூங்கில் குருத்தைத் தோலுரித்து, ஓடையில் அலசி அலசி, காலால் மிதித்துக் கூழாக்கி ஊட்டினாள். அதையும் துப்பினான்.

அவள் அக்கா சடச்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏட்டி, நீ அலசுன அலசுல ஓடையே மணக்குது. குருத்துலதான் ஒண்ணுமில்ல. மொதல்ல நீ ஏதாவது தின்னு. எலும்புதான் தெரியுது."

"பிள்ள பட்டினி கிடக்கும்போது எனக்கு எப்படிக்கா இறங்கும்?"

மறுநாள் வெயில் ஏறும்போது இசக்கிக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. பேச்சி அவன்மேல் நிழல் விழும்படி நின்றாள். அவளுக்கும் கால் தள்ளாடியது. நானும் விழுந்துவிட்டால் இவனுக்கு யார் நிழல்? அந்தப் பயத்தில்தான் ஒரு குருத்தை வளைத்து ஒடித்தாள். தோலுரிக்கவில்லை, அலசவில்லை.

'மடக்' என்றது.

இசக்கியின் காது அசைந்தது. அவள் மென்றாள். கறுக் மொறுக் என்று சத்தம். பச்சை வாசனை கீழே இறங்கி வந்தது. அதில் அம்மாவின் மூச்சு வாசனையும் கலந்திருந்தது. பால் குடிக்கும்போதெல்லாம் அவன் மேல் படுமே, அதே மூச்சு. இசக்கி தள்ளாடி எழுந்தான். துதிக்கையை நீட்டி, மெதுவாக அவள் வாய்க்குள் விட்டான்.

பேச்சி பதறிப்போய் மெல்லுவதை விட்டாள். "என்னய்யா? என்ன செய்யுது?"

"நிறுத்தாதம்மா."

அவள் மென்றாள். அவன் அந்த வாயிலிருந்தே கொஞ்சம் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான். காதில் அந்தச் சத்தம், மூக்கில் அந்த மூச்சு, நாக்கில் அந்தக் கசப்பு. மூன்றும் அந்தச் சின்னத் தலைக்குள் முதல் தடவையாக ஒன்று கூடின.

"கசக்குதாய்யா?"

"கசக்குது." இன்னும் கொஞ்சம் மென்றான். "ஆனா நல்லாருக்கு. குடும்மா."

"நல்ல கூத்து! பெத்தவ வாயிலயே கொள்ளையடிக்கான் பாரு" என்றாள் சடச்சி. பேச்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வாயை மூடினால் பிள்ளைக்கு எட்டாது என்று அப்படியே நின்றாள்.

அன்று முதல்தான் யானைக் கன்று புதிதாக எதைத் தின்னப் போனாலும் முதலில் தாயின் வாய்க்குள் துதிக்கையை விட்டுப் பார்க்கிறது. தாயும், தனக்கு எத்தனை பசி இருந்தாலும், வாயைத் திறந்தபடி காத்து நிற்கிறது.