ராஜாவின் சுவரும் பொற்கொடியின் திரையும்

முன்னொரு காலத்தில், தான் கட்டிய சுவர்கள்மேல் உயிரையே வைத்திருந்த ஒரு ராஜா இருந்தார். பெற்ற பிள்ளைமேல் வைக்கும் பாசத்தை ஒரு ராஜா சுவர்மேல் வைத்தால் என்ன ஆகும்? ஊருக்கு ஓர் ஆணை பிறக்கும். அரண்மனைக்குப் பக்கத்தில் அவர் ஒரு புதுத் தெரு அமைத்தார். வீடுகளுக்குச் சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசச் சொன்னார். அந்தச் சுவரில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. பிறகு வீடுகளை அரண்மனையில் வேலை செய்பவர்களுக்கு வாடகைக்கு விட்டார். சுவர், நிலை, உத்தரம் எதில் ஆணி இறங்கினாலும், கயிறு உரசினாலும், குடியிருப்பவர் அன்றே வெளியேற வேண்டும் என்பது நிபந்தனை.

அரசவை விகடகவி சொக்கேசனும் அவன் மனைவி பொற்கொடியும் அந்தத் தெருவில்தான் குடியிருந்தார்கள். மேற்குப் பார்த்த வீடு. பொற்கொடிக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சாயங்கால வெயில் வாசல் வழியாக நேரே வந்து குழந்தையின் முகத்தில் அடிக்கும். அது வீறிட்டு அழும். சொக்கேசன் இரண்டு பானைகளில் மணலை நிரப்பி, பானைக்கொரு மூங்கிலை நட்டு, குறுக்கே ஒரு கம்பைக் கட்டி, பொற்கொடியின் பழைய சேலையைத் தொங்கவிட்டான். சுவருக்கு ஒரு கீறல் இல்லை. குழந்தை நிம்மதியாகத் தூங்கியது. இப்படி ஒரு மனுஷன் தனக்கு வாய்த்தானே என்று பொற்கொடிக்கு உள்ளூரப் பெருமை.

அரண்மனை மணியக்காரர் மார்த்தாண்டருக்கு இதைப் பார்த்து வயிறு எரிந்தது. அந்த வீட்டைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தர வேண்டும் என்று அவர் வெகுநாளாகத் துடித்துக்கொண்டிருந்தார். சேனாதிபதி இடும்பரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு சபையில் எழுந்து நின்றார்.

“அரசே, தாங்கள் ஒருநாள் சொக்கேசர் இல்லத்துக்கு விருந்துண்ண எழுந்தருள வேண்டும். தாங்கள் அமுது கொள்ளும்போது வாசலில் பட்டுத்திரை விளங்க வேண்டும் என்பது நம் மரபு. குடிசையில் செய்வதுபோல் பானையில் கம்பு நட்டுக் கட்டினால் தங்களுக்கு இழுக்கு.”

“ஆம், அது முறையல்ல” என்றார் ராஜா. “நாளை மாலையே வருகிறோம். மரபில் குறை கண்டால் அந்த வீட்டுக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான்.”

செய்தி கேட்டுப் பொற்கொடி இடிந்துபோனாள். திரை இல்லாவிட்டால் மரபு போச்சு. ஆணி அடித்தால் ஆணை போச்சு. எப்படிப் பார்த்தாலும் வீடு போய்விடும்.

“பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு எங்கங்க போறது?” என்றாள்.

“நீ பாயசத்துக்கு முந்திரி வறுத்து வை. மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றான் சொக்கேசன். பானைகளையும் கம்புகளையும் கொல்லைக்குக் கொண்டுபோனான். அவனை நம்பாமல் இருக்க அவளால் முடியவில்லை. பயப்படாமல் இருக்கவும் முடியவில்லை.

மறுநாள் மாலை ராஜா சபையாரோடு வந்து இலைக்கு முன் அமர்ந்தார். வாசலில் திரை இல்லை. பட்டுத்துணி ஒன்று தாம்பாளத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மார்த்தாண்டரும் இடும்பரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். வெயிலில் ராஜாவின் கண் கூசியது.

“திரை எங்கே, சொக்கேசரே?”

சொக்கேசன் கைகூப்பினான். “அரசே, கோயிலில் சுவாமிக்கு அமுது படைக்கும்போது திரை பிடிப்பவர்கள் அவருக்கு மிக நெருங்கியவர்கள். முதல் மரியாதை அவர்களுக்குத்தான். தங்கள் திரையை வெறும் ஆணியிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சபையில் தங்களுக்கு மிக நெருங்கியவர் யாரோ, அவர் பிடிக்கட்டும்.”

முதல் மரியாதை என்ற சொல் காதில் விழுந்ததுமே இடும்பர் பாய்ந்து ஒரு நுனியைப் பிடித்தார். விடுவாரா மார்த்தாண்டர்? மறு நுனியைப் பறித்துக்கொண்டார். வலப்பக்கம் யார் நிற்பது என்று இருவரும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டார்கள். பிறகு வாசலின் இரு புறமும் கையை உயர்த்தி நின்றார்கள். பட்டுத்திரை அழகாக விரிந்தது. உள்ளே நிழல் விழுந்தது. அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்த பொற்கொடிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ராஜா நிதானமாகச் சாப்பிடுகிறவர். சொக்கேசனோ கவளத்துக்கு ஒரு வேடிக்கைக் கதை சொன்னான். சாம்பார் முடிந்து ரசத்துக்கு வருவதற்குள் இடும்பரின் முழங்கை ஆடியது. ரசம் முடிந்து பாயசம் வந்தபோது மார்த்தாண்டரின் பக்கம் திரை தொய்ந்து, வெயில் மறுபடி ராஜாவின் முகத்தில் அடித்தது.

“மணியக்காரரே, திரை இறங்குகிறதே. முதல் மரியாதை வேண்டாமா?” என்றார் ராஜா.

“அரசே” என்றார் மார்த்தாண்டர் அழாக்குறையாக. “தயவுசெய்து இங்கே ஓர் ஆணி அடிக்க அனுமதி கொடுங்கள்.”

“சுவர் கெட்டுவிடுமே?”

“கெட்டால் பூசிக்கொள்ளலாம் அரசே. என் தோள் கழன்றால் எதை வைத்துப் பூசுவது?”

ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பாயசம் புரையேறியது. சொக்கேசன் தண்ணீர் கொடுத்துவிட்டு மெல்லச் சொன்னான்: “இவர்கள் ஒரு வேளை விருந்துக்குத்தான் நின்றார்கள், அரசே. இந்த வெயில் என் குழந்தை முகத்தில் தினமும் அடிக்கிறது.”

ராஜா பாயில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. தான் சுவரைப் பார்த்த அளவுக்கு அதற்குள் இருப்பவர்களைப் பார்க்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

“இன்று முதல் இந்தத் தெருவில் யாரும் ஆணி அடித்துக்கொள்ளலாம். இந்த வீடு இனி வாடகை வீடல்ல, சொக்கேசரே. உமக்கே சொந்தம். மார்த்தாண்டரே, ஆணியும் சுத்தியலும் வரவழையும். முதல் ஆணியை நம் விகடகவி நம் எதிரிலேயே அடிக்கட்டும்.”

சுத்தியல் வந்தது. சொக்கேசன் ஆணியைச் சுவரில் வைத்துக் கையை ஓங்கினான். பொற்கொடி ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னங்க செய்றீங்க? இப்போ இது நம்ம சுவருங்க. இதுல போயி யாராவது ஓட்டை போடுவாங்களா? கொல்லையில இருக்கற பானையையும் கம்பையும் எடுத்துட்டு வாங்க.”

ராஜா இலையைவிட்டு எழ முடியாமல் சிரித்தார்.