பன்னிரண்டு கிலோ

"டர்போவைத் தனியா எடை போட்டுப் பாத்தேனுங்க டீச்சர். எட்டே கிலோதான். ஆனா காரு ஐம்பது கிலோ கூடிப்போச்சு. மிச்சமெல்லாம் எங்கிருந்துங்க வந்துச்சு?"

இதைக் கேட்கும்போதே நாச்சிமுத்துவின் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

மறுநாள் கார்ப் பந்தயம். ஓட்டப்போவது அவர் மகள் தாரணி. பக்கத்துக் கூடாரத்தில் டர்போ இல்லாத இதே மாதிரிக் கார் ஒன்று நின்றது. அதன் சொந்தக்காரர், உங்க வண்டி நல்லாச் சாப்பிடுதுங்களா என்று காலையிலிருந்து மூன்று தடவை விசாரித்துவிட்டார்.

எஸ்தர் டீச்சர் நாச்சிமுத்துவை விடப் பத்து வயது சின்னவர். நாற்பத்தைந்து வயதில் எஞ்சின் வேலை கற்க வந்த மனிதரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். எந்த எஞ்சினைத் திறந்தாலும் முதலில் கண்ணை மூடி ஒரு ஜெபம் சொல்வார். அதிகம் பேச மாட்டார்.

"காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளுறதுதானே டர்போ. காத்தை அமுக்கினா என்னாகும்ணா?"

"சூடாகுமுங்க."

"அப்படியே உள்ள விடலாமா?"

விட்டால் பிஸ்டன் உருகிவிடும் என்றார் நாச்சிமுத்து. அதனால்தான் காற்றைக் குளிர வைக்க ஒரு பெட்டி, அதற்குக் குழாய்கள், பெரிய ரேடியேட்டர். பலம் கூடியதால் பழைய கிளட்ச் வழுக்கும், கியர் பல் உடையும். அவற்றையும் கனமானவையாகப் போட வேண்டியதாயிற்று. சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கியது. எல்லாம் அவர் கையால் மாட்டியவைதான்.

"இதுல எதைக் கழட்டலாம்?"



நாச்சிமுத்து கையில் மடித்து வைத்திருந்த காரின் எடைச் சீட்டுகளை டீச்சர் வாங்கிப் பிரித்தார். நேற்று மாலைச் சீட்டில் ஐம்பது கிலோ கூடுதல். இன்று காலைச் சீட்டில் முப்பத்தெட்டு.

"பன்னெண்டு கிலோ எங்கண்ணா போச்சு?"

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார்.

"முன் பிரேக்குங்க. டர்போ வேகத்துக்காகப் போட்ட புதுசு ரொம்பக் கனமுங்க டீச்சர். விடியக்காலம் பழைய சின்னதையே எடுத்து மாட்டிட்டேன். பிரேக்கு வண்டியை வேகமா ஓட்டுறதில்லீங்களே."

"தாரணிக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

வெளியே எஞ்சின் உறுமியது. தாரணி பெல்ட் மாட்டிக்கொண்டு பயிற்சி ஓட்டத்துக்கு வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் மூன்று கார்கள்.

டீச்சர் திட்டுவார் என்று அவர் காத்திருந்தார். டீச்சர் திட்டவில்லை. ஒரு ஹெல்மெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"போய் அவ பக்கத்துல உக்காருங்க. ஒரு சுத்து. முதல் வளைவுல உங்க கால் என்ன பண்ணுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

சொல்லிவிட்டு, தானே முன்னால் நடந்து போய்க் காரின் மூக்கில் கை வைத்து நின்றுகொண்டார்.

நாச்சிமுத்து ஏறி உட்கார்ந்தார். தாரணி சிரித்தாள். எடை எடைன்னு என்னை மூணு வாரமா மதியச் சோறு தின்ன விடாமப் பண்ணிட்டு, இப்ப நீங்களே ஏறிட்டீங்களே என்றாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்னால் நின்ற கார் ஒன்று போனது. இன்னொன்றும் போனது.

"நேர் ரோடு முடியற வரைக்கும் வேகத்தைக் குறைக்கவே போறதில்லைப்பா," என்றாள் தாரணி. "புது பிரேக் இருக்குல்ல. வளைவு கிட்ட வந்தப்புறம் மிதிச்சாப் போதும்."

மூன்றாவது காரும் போனது. கொடி பிடித்தவர் இவர்கள் பக்கம் திரும்பினார். டீச்சர் காரின் மூக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

கார் இன்னும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நாச்சிமுத்துவின் வலது கால், அந்தப் பக்கம் இல்லாத பிரேக் மிதியைத் தேடிக் காரின் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"எஞ்சினை அணைச்சிடு கண்ணு," என்றார். "அப்பா உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."